அமெரிக்க நகரங்களும் பிரயாணியின் காத்திருப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகரங்களில் நிலவும் பொதுப் போக்குவரத்தின் தராதரத்தை ஒப்பிட்டு ஆராயும் கட்டுரைகள் இவ்விதழுக்கு இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தண்டவாளத்தின் மொத்த நீளம், ஸ்டேஷன்களின் எண்ணிக்கை, ஆண்டொன்றுக்கு ஏறினோரின் தொகை ஆகிய மூன்றையும் அட்டவணையாக நிறுத்தி, எந்த நகரம் முதலாவது, எது கடைசி என்று வரிசைப்படுத்திய அளவில் முடிந்துவிடுகின்றன. உழைப்பு மெச்சத் தக்கதே. ஆயினும், தெருமுனையில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் மனிதன் அனுபவிக்கும் சௌகரியத்தையோ சிரமத்தையோ அந்த வரிசை சிறிதும் புலப்படுத்துவதில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

டல்லஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1996-இல் தொடங்கப்பெற்ற அதன் இலகு ரயில், இன்று சுமார் 93 மைல் நீளத்துடன், அந்நாட்டின் மிக நீண்ட அமைப்புகளுள் ஒன்றாக விளங்குகிறது. பாஸ்டனின் பச்சைத் தடமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும், பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் அந்தக் குறுகிய தடமே அதிகமான ஜனங்களை ஏற்றிச் சென்றது. டல்லஸில் நிலம் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகப் பழைய சரக்கு ரயில் பாதைகளைப் பல இடங்களில் பயன்படுத்திக்கொண்டார்கள்; ஆகவே பல ஸ்டேஷன்களைச் சுற்றிலும் வீடுகளுக்குப் பதிலாகக் கார் நிறுத்தும் மைதானங்களே அமைந்தன. நான்கு தடங்களும் நகரின் மையத்தில் ஒரே தெருவில், சாலை மட்டத்திலேயே வந்து கூடுவதால், எந்த ஒரு தடத்திலும் வண்டிகளை நெருக்கி விடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. மைல் கணக்கு வளர்ந்தது; காத்திருப்பு குறையவில்லை.

காத்திருப்பு என்பதையும் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். மணிக்கு 6 பஸ்கள் என்று அட்டவணை சொல்லுகிறது. அவை 10 நிமிஷத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வருமானால், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவனுடைய சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம். அதே 6 பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிஷத்துக்கு ஒருமுறை வருமானால், அந்தச் சராசரி 10 நிமிஷமாகிவிடும். இரட்டையில் முன்வரும் பஸ் பிதுங்க, பின்வருவது காலியாக ஓடும். முன்னது ஒரு நிமிஷம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் கூடிவிடுகிறார்கள்; அவர்கள் ஏறிக் கட்டணம் செலுத்துவதற்குள் மேலும் அரை நிமிஷம் போகிறது; பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றுவதற்கு ஆளில்லாமையால் அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. மான்ஹாட்டனின் நெரிசலான தெருக்களிலும் சிக்காகோவின் நீண்ட நேர்ச்சாலைகளிலும் அன்றாடம் காணப்படும் விவகாரம் இது. ஆனால் வண்டி ஓடிய மணி நேரம் என்ற கணக்கிலே இவ்விரண்டு நிலைகளும் ஒன்றே!

நேரந்தவறாமை என்ற விகிதமும் நம்பத்தக்க துணை அன்று. நியூயார்க்கின் லாங் தீவு ரயிலில் 5 நிமிஷம் 59 விநாடி வரை பிந்திய வண்டியும் நேரத்துக்கு வந்ததாகவே கொள்ளப்படும். பஸ் நிர்வாகங்களுள்ளும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டிருக்கிறது. ஏறினோர் தொகையோ இதைவிடச் சிக்கலானது. மத்திய அரசாங்கத்தின் தேசியத் தகவல் தொகுப்பில், ஒருவர் வண்டியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரயாணமாகப் பதிவாகிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் வாயிலைக் கடந்து நுழைந்தவர்களை எண்ணினால் ஒரு தொகை. உள்ளே தடம் மாறி ஏறியதையும் எண்ணினால் அதனினும் பெரிய தொகை. இரு வண்டிகள் மாறிப் போகும்படி மக்களை நிர்ப்பந்திக்கும் நகரம், ஒரே வண்டியில் கொண்டுசேர்க்கும் நகரத்தைவிடப் பட்டியலில் உயர்ந்து நிற்கக்கூடும் என்பதை ஒப்பிடுவோர் மறக்கலாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நாம் மிகுந்த மதிப்போடு சுட்டிக்காட்ட விரும்பும் நகரம் ஹூஸ்டன். பரந்து விரிந்து, காருக்காகவே கட்டப்பட்டதென்று எல்லோரும் கைவிட்ட அந்நகரம், 2015 ஆகஸ்டில் ஒரே இரவில் தன் உள்ளூர் பஸ் தடங்கள் அத்தனையையும் மாற்றி வரைந்தது. அதற்கு முன் பெரும்பாலான தடங்கள் மையத்தை நோக்கியே ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கிடைப்பதே அரிது. ஆலோசகர் ஜாரெட் வாக்கர் முதலியோர், நிர்வாகக் குழுவின் முன் ஒரு கேள்வியை ஒளிவுமறைவின்றி வைத்தார்கள்: கையிலுள்ள பணத்தைப் பலர் ஏறும் தடங்களில் செலவிடுவதா, சிலரே வசிக்கும் மூலைகளுக்கும் பகிர்ந்து பரப்புவதா? 80 பங்கு முன்னதற்கு, 20 பங்கு பின்னதற்கு என்று குழு தீர்மானித்தது. அதன் பயனாக, 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ், வாரத்தின் ஏழு நாளும் என்ற நியதியோடு குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் அமைந்தன. சனி ஞாயிறுகளில் ஏறுவோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. அவ்வுயர்வில் ஒரு பகுதி வண்டி மாறுவோரால் வந்தது என்பதையும், வீட்டருகில் ஓடிய பஸ்ஸை இழந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும் சமையற்காரரையும் மருத்துவமனை உதவியாளரையும் பிரயாணிகளாக மதித்த அந்தத் தீர்மானம், எத்தனையோ புதிய ஸ்டேஷன் திறப்பு விழாக்களைவிட மேலானதென்றே கருதுகிறோம்.

பழைய ரயில் நகரங்களின் வரலாறு வேறு வகையில் போதனை தருகிறது. 1897-இல் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் பாதையைத் திறந்த பாஸ்டன், 2022-இல் ஆரஞ்சுத் தடத்தை முழுமையாக 30 நாட்கள் மூடிப் பழுதுபார்க்கும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், தண்டவாளப் பரிசோதனைப் பதிவேடுகள் சரியாக இல்லாமையால், ரயில்கள் யாவும் தாழ்ந்த வேகத்தில் ஊர்ந்து செல்ல நேர்ந்தது. இத்தகைய நாளில் வண்டி ரத்தாவதில்லை, ஸ்டேஷன் மூடப்படுவதில்லை. நீளத்தையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்ப்பவனுக்குக் குறை எதுவும் தெரியாது. பின்னர் பகுதி பகுதியாகத் தடத்தை மூடி, மரக்கட்டைகளையும் தண்டவாளங்களையும் மாற்றி, 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த வேகக் கட்டுப்பாடுகளை நீக்கியவர்களுடைய சேவை பெரிது.

வாஷிங்டன், 1976-இல் தொடங்கியபோது, ஹாரி வீஸ் வரைந்த உயர்ந்த வளைகூரைகளால் உலகத்தின் கண்ணைக் கவர்ந்தது. அங்கே பொதுவாக இரண்டே தண்டவாளங்கள். ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டுமானால் இரு திசை வண்டிகளும் மற்றொன்றில் முறை வைத்து ஓட வேண்டும். நியூயார்க்கிலோ 1904-லேயே முதன்மைத் தடத்தில் நான்கு தண்டவாளங்கள் இட்ட முன்யோசனையால், இன்றளவும் 24 மணி நேரமும் ரயில் ஓடுகிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவரைக் கேட்டால் தீர்ப்பு தலைகீழாக மாறும். வாஷிங்டனில் மின்தூக்கி முடிவடையாத காரணத்தால் காலரி பிளேஸ் ஸ்டேஷனைத் திறக்கலாகாதென்று நீதிமன்றம் தடுத்து, ரயில்கள் அங்கே நில்லாமல் பல மாதம் கடந்து சென்றன. அதனால் அந்நகரின் எல்லா ஸ்டேஷன்களும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன. நியூயார்க்கின் 472 ஸ்டேஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் மின்தூக்கி இல்லை. 2022-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, 95 சதவிகித ஸ்டேஷன்களில் அக்குறை நீங்குவதற்கு 2055 வரை தவணை.

அட்லாண்டாவைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். 1971 வாக்கெடுப்பில் இரு மாவட்டங்கள் அந்நகரின் போக்குவரத்து அமைப்பில் சேர மறுத்தன. இனப் பாகுபாடு வரைந்த அந்த எல்லையில் ரயில் நின்றுபோனது; அவ்விரண்டில் ஒன்றான கிளேட்டன் மாவட்டம் இணைவதற்கு 2014 வரை ஆயிற்று.

கட்டுவதற்குப் பணம் கிடைப்பதுபோல ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை என்பதே எல்லா நகரங்களுக்கும் பொதுவான நோய். 1998-க்குப் பின், இரண்டு லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரப் பகுதிகளுக்கு அன்றாட இயக்கச் செலவுக்காக மத்திய அரசாங்கம் தரும் வழக்கமான உதவி நின்றுபோயிற்று. பெருந்தொற்றுக் காலத்து நிவாரணத் தொகை சில ஆண்டுகள் தாங்கியது. அது தீர்ந்ததும் பிலடெல்பியா 2025 ஆகஸ்டில் தன் பஸ் தடங்கள் பலவற்றைக் குறைத்தது. பிறகு அவற்றை மீட்டதும், புதிய வண்டிகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் வைத்திருந்த மூலதனத்தை எடுத்தே.

ஆகவே இனி இவ்விதழுக்கு நகர ஒப்பீட்டுக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், வழக்கமான அட்டவணையோடு இரண்டு பத்திகளைக் கூட்டி அனுப்ப வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு தடத்தில் அடுத்தடுத்த வண்டிகளுக்கிடையே உண்மையில் கழிந்த இடைவெளிகள் ஒன்றிலும், அந்நகரின் இயக்கச் செலவு எந்த வருவாயிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்றிலும் இருக்கட்டும். வண்டிகளின் இடத்தை நிமிஷந்தோறும் அறிவிக்கும் வசதி பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் யாவருக்கும் திறந்திருப்பதால், முதற்பத்தியைத் திரட்டுவது கடினமன்று. இவ்விரண்டும் உள்ள கட்டுரைகளுக்கு வரும் இதழ்களில் முதலிடம் அளிக்கப்படும்.