மலை தாண்டும் வதந்தி

போடியிலிருந்து விடிகாலையில் ஜீப் பிடித்து, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளியின் கைபேசிக்கு மாநில எல்லை கிடையாது, போலீஸுக்கு உண்டு. அந்தக் கைபேசியில் பரவும் வதந்தி உயிரையே பறிக்கும்: 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்ணைப் பிள்ளைபிடிப்பவர் என்று கும்பல் அடித்தே கொன்றது. எல்லாம் வாட்ஸ்அப் வதந்தியால் வந்தது. அடித்தவர்கள் கைதானார்கள், கிளப்பிவிட்டவரைத் தேடும்போதுதான் சட்டம் தடுமாறுகிறது. செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டச் சொல்லும் மத்திய அரசின் 2021 விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. ஒருவரைப் பிடிக்க எல்லோருடைய அந்தரங்கத்தையும் திறப்பது எனக்கும் ஏற்பில்லை. ஆனால், சட்டத்தை வேறு இடத்தில் திருத்தலாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு சாதி, மொழி, பிறப்பிடம் போன்ற காரணங்களுக்காக நடக்கும் கும்பல் கொலையைத்தான் சொல்கிறது. வெறும் சந்தேகத்தில் நடக்கும் கொலையையும் அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். வதந்தி எல்லை தாண்டுவதால், போடி இருக்கும் தேனி மாவட்டமும் இடுக்கியும் சேர்ந்த இரு காவல்துறைகளும் அதற்கான மறுப்புச் செய்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் உடனுக்குடன் சேர்ந்தே வெளியிட வேண்டும்.