ஜப்பானிய மொழி யாருடைய பிள்ளைக்கு?

பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டத்தகாத பிள்ளைக்கு அது கிடையாது என்றார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். சமஸ்கிருதத்தைப் பின்னாளில் தானே முயன்று கற்றார். எந்த மொழி யாருக்கு என்று பள்ளியில் தீர்மானிப்பது ஒருபோதும் வெறும் கால அட்டவணை விவகாரமாக இருந்ததில்லை. அதற்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

இன்று யாரும் வாசலில் நின்று “உனக்குக் கிடையாது” என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சிபிஎஸ்இ பாடப்பட்டியலில் ஜப்பானிய மொழி இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குக் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன் என்று அயல்மொழிகளை அடுக்குகிறது. பட்டியல் எல்லோருக்கும் பொது. ஆசிரியர் யாருக்கு? கட்டணம் கட்ட முடிந்தவருக்கு. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் சுவரில் மாட்டிய படம்.

ஆனால் நம் பிள்ளைகளும் ஜப்பானிய மொழியைச் சந்திக்கிறார்கள். பள்ளியில் அல்ல, இருபது வயதுக்கு மேல், “ஜப்பானில் வேலை, ஆறு மாதப் பயிற்சி” என்ற சுவரொட்டியில். தொழில்நுட்பப் பயிற்சித் தொழிலாளர்களை அனுப்ப 2017-லும், குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்களை அனுப்ப 2021-லும் இந்தியா ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 திறன் பெற்ற இந்தியர்கள் ஜப்பானுக்குப் போவார்கள் என்று 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் அறிவித்தன. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம், உணவுப் பதப்படுத்தல். இந்த வேலைகளுக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போவார்கள் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, இந்த நாட்டில் ஜப்பானிய மொழி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று பதினான்கு வயதில் நிதானமாகத் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் நிறுவன அலுவலகத்துக்கும் கொண்டுபோவது. இன்னொன்று தாலியை அடகு வைத்துக் கட்டிய பணத்தில், விடுதி அறையில், தேர்வைத் தாண்டும் அளவுக்கு மட்டும் திணிக்கப்படுவது. ஒரே மொழி. ஒருவருக்கு அறிவு, ஒருவருக்கு உத்தரவைப் புரிந்துகொள்ளும் கருவி. இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஜப்பான் தன் பிள்ளைகளுக்கே இந்த எழுத்தை அவசரமாகச் சொல்லித் தருவதில்லை. ஹிராகானா 46, கதகானா 46 என அடிப்படை எழுத்துகள் போக, 1,026 காஞ்சி எழுத்துகளைத் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த எழுத்துகள் 2,136. இதைக் கூலி வேலைக்குப் போய்வந்து இரவில் படிக்கும் இளைஞர் ஆறு மாதத்தில் எவ்வளவு பிடிப்பார்? இது பள்ளிப் பருவத்தில், ஆண்டுக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கற்க வேண்டிய மொழி.

“தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது கஷ்டம்” என்பார்கள். உண்மை நேர் எதிர். நம் ஊர் வகுப்புகளில் ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘சோற்றை’ என்பதில் நாம் ‘ஐ’ வைக்கும் இடத்தில் அவர்கள் ‘ஓ’ வைக்கிறார்கள். அவர்களுடைய கோரே, சோரே, ஆரே, தோரே என்பவை நம்முடைய இது, உது, அது, எது. நடுவிலுள்ள ‘உது’ யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வாழ்கிறது. ‘தாபெதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’ என்பதற்குப் ‘பார்’ என்றே பொருள். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும்.

இரண்டு மொழிக்கும் ஒரே மூலம் என்று நாம் சொல்லவில்லை. சுசுமு ஓனோ அப்படிச் சொன்னார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நமக்கு அந்தப் பெருமை தேவையுமில்லை. நாம் சொல்வது வகுப்பறை விஷயம். தமிழில் கற்பித்தால் நம் பிள்ளை முன்வரிசையில் நிற்பாள். ஆங்கிலத்தைச் சுவராக எழுப்பிவிட்டு, தாண்ட முடியாதவளை மந்தம் என்கிறார்கள்.

“முதலில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒழுங்காகக் கற்கட்டும்” என்று ஓர் அறிவுரை உண்டு. தனியார் பள்ளிப் பெற்றோரிடம் இதை யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறோமா? கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதையும் நிரப்பு. ஒரு உரிமையை மறுத்ததைக் காட்டி இன்னொன்றையும் மறுக்காதே.

“இருமொழிக் கொள்கை என்னாவது?” என்பது அடுத்த கேள்வி. 1968-இல் தமிழ்நாடு எடுத்த முடிவு திணிப்புக்கு எதிரானது. அதில் நாம் உறுதியாக நிற்கிறோம். மூன்றாவது மொழியைக் கட்டாயமாக்குவதை ஏற்க மாட்டோம். நாம் கேட்பது விருப்பப் பாடம். விரும்பும் மாணவிக்குக் கதவைத் திறப்பது திணிப்பு ஆகாது.

மூன்றாவது கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. “நம் பிள்ளைகளை மலிவான கூலிகளாக ஏற்றுமதி செய்ய நாமே மொழி கற்றுத் தர வேண்டுமா?” இதை ஒதுக்கிவிட முடியாது. 1993 முதல் நடக்கும் பயிற்சித் தொழிலாளர் முறையில், முதலாளி எவ்வளவு கொடுமைப்படுத்தினாலும் இன்னொரு நிறுவனத்துக்கு மாறுவது மிகக் கடினமாக இருந்தது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2024-இல் சட்டம் இயற்றி, 2027 முதல் புதிய முறையைக் கொண்டுவருகிறார்கள். அதில் தொழிலாளி சொந்த விருப்பத்தில் நிறுவனம் மாற நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று ஜப்பானிய மொழித் தேர்ச்சி. கவனியுங்கள் தோழர்களே, கெட்ட முதலாளியிடமிருந்து வெளியேறும் கதவின் சாவிகளில் ஒன்று மொழி. போகிறவர்கள் எப்படியும் போகிறார்கள். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்து போகிறார்களா, தெரியாமல் போகிறார்களா என்பதே கேள்வி.

வேலைக்காக மட்டும் கேட்கிறோம் என்று யாரும் குறுக்கிவிட வேண்டாம். செர்ரிப் பூ, கிமோனோ, புல்லட் ரயில் என்று பாடப்புத்தகம் காட்டும் ஜப்பானுக்குள் இன்னொரு ஜப்பான் இருக்கிறது. தோல் பதனிட்டதற்காகவும் செத்த மாட்டை அப்புறப்படுத்தியதற்காகவும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட புராகு மக்களின் ஜப்பான் அது. முகத்திலோ மொழியிலோ மற்றவர்களிலிருந்து எந்த வேறுபாடும் இல்லை. பிறந்த இடமே குற்றம். 1871-இல் அரசாணை அவர்களை விடுவித்தது, சமூகம் விடுவிக்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தாங்களே கட்டினார்கள். புராகு ஊர்களின் பெயர்ப் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கி, வேலைக்கு எடுக்கும்முன் புரட்டிப் பார்த்தது 1975-இல் அம்பலமானது. “நீ ஊரா, காலனியா?” என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியக் கதையா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1961-இல் கோச்சி நகரின் நாகஹாமா பகுதியில் புராகு தாய்மார்கள் அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படித்தார்கள். கட்டாயக் கல்வி இலவசம் என்றிருந்தது. அப்படியானால் பாடப்புத்தகத்துக்கு ஏன் காசு என்று கேட்டார்கள். வாங்க மறுத்துப் போராடினார்கள். 1963 முதல் படிப்படியாக நாடு முழுவதும் கட்டாயக் கல்வி மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் இலவசமானது. ஒதுக்கப்பட்ட தாய்மார்கள் கேட்ட உரிமை, ஒதுக்கியவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இந்த மக்களோடு நம் பிள்ளைகள் இடைத்தரகர் இல்லாமல் பேச வேண்டும், அவர்கள் எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும்தான் மொழி.

எனவே நாம் கேட்பது இது. அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஜப்பானிய மொழி விருப்பப் பாடமாக வேண்டும். தமிழில் விளக்கும் பாடநூல் வேண்டும். தொகுப்பூதியம் அல்ல, இடஒதுக்கீட்டோடு நிரந்தர ஆசிரியர் பணியிடம் வேண்டும். மொழித் தகுதித் தேர்வின் கட்டணத்தை அரசு கட்ட வேண்டும். பாடநூலில் புராகு மக்களின் வரலாறு இருக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். “இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு ஜப்பானிய மொழி?” என்று யாராவது சிரித்தால், “உங்கள் பிள்ளைக்கு எதற்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறாரோ, அதுவே நம் பதிலும்.

ஜெய்பீம்.