டயருக்கு மேக்கப் போடுவதற்கு முன்...

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், "மாமா, காரை நான் கழுவிடறேன். நீங்க பொரி, பழம் வாங்கிட்டு வாங்க" என்றான். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அவனுக்கு எங்கே தெரியும்! பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், கார் டயர் நான்கும் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி கன்னங்கரேல் என்று மின்னின. பக்கத்தில் நின்ற என் மனைவியின் ஸ்கூட்டரும் அப்படித்தான். டயர் பாலிஷ் ஸ்ப்ரேயில் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். வீணாக்குவானேன் என்று ஸ்கூட்டர் சக்கரம் இரண்டையும் சுற்றிச் சுற்றி அடித்துவிட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

மறுநாள் காலை பூ வாங்கக் கிளம்பியவள், தெருமுனையில் திரும்பும்போது விழுந்துவிட்டாள். வேகமே இல்லை. பிரேக்கும் பிடிக்கவில்லை. பின்சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முட்டியில் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி உடைந்தது, அவ்வளவோடு போயிற்று. "ரோட்டுல எண்ணெய் கொட்டியிருக்கும்போலங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். ரோடு காய்ந்து கிடந்தது. ஸ்கூட்டர் டயரைத் தொட்டேன். எண்ணெய் அங்கேதான் இருந்தது.

டயர் பாலிஷ் என்று விற்பதில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் சிலிகான் எண்ணெய். கார் டயரில் ரோட்டைத் தொடுவது தட்டையான பட்டன் பகுதி மட்டும்தான். பக்கவாட்டுப் பகுதி ரோட்டில் படாது. அதனால் அங்கே மட்டும் பாலிஷ் போட்டால் ஆபத்தில்லை. டூவீலர் டயர் அப்படியில்லை, அது உருண்டை. வண்டி சாயும்போது பட்டனின் ஓரம், அதாவது பாலிஷ் வழிந்து நிற்கும் அதே இடம்தான், ரோட்டில் பதிகிறது. எங்கள் பிள்ளையாண்டான் பட்டன் மேலேயும் சேர்த்தே அடித்திருந்தான். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக இருந்து, ஸ்ப்ரே அதன் தட்டிலும் பட்டிருந்தால் பிரேக்கும் பிடிக்காது. டூவீலருக்கு வேண்டாம் என்று பல டப்பாக்களில் பொடி எழுத்தில் போட்டே இருப்பார்கள். அதை யார் படிக்கிறோம்? ஆகவே பைக், ஸ்கூட்டர், பிள்ளைகளின் சைக்கிள், எதற்கும் டயர் பாலிஷ் வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போதும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடித்துவிடுவார்கள்.

காருக்கு என்றால் முதல் வேலை கழுவுவதுதான். டயரில் படியும் பழுப்பு நிறம் வெறும் மண் இல்லை. காற்றில் உள்ள ஓசோனால் ரப்பர் வெடிக்காமலிருக்க, தயாரிக்கும்போதே ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். அது மெல்ல மேலே கசிந்து பழுப்பாகிறது. அதன் மேலேயே பாலிஷ் போட்டால் இரண்டு நாள்கூட நிற்காது. ஷாம்பூ தண்ணீரும் கெட்டி பிரஷ்ஷும் வைத்து, நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்து, காயவிடுங்கள். பிறகு நிழலில் நிறுத்தி, ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டுப் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள். ஸ்ப்ரேயாக இருந்தாலும் ஸ்பாஞ்சில் அடித்துத்தான் தடவ வேண்டும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். எடுக்காவிட்டால் வண்டி ஓடும்போது தெறித்து, கதவெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுப்பு.

வாங்கும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், தண்ணீர் கலந்த வகையைக் கேளுங்கள். பளபளப்பு குறைவு, மழையில் சீக்கிரம் போய்விடும். ஆனால் பிசுபிசுப்பு இல்லை, தூசியும் அவ்வளவாக ஒட்டாது. டீசல், பழைய என்ஜின் ஆயில் எல்லாம் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுத் தாத்தா என்ன சொன்னாலும் சரி.

பம்பர், கதவின் கீழ்ப்பட்டை, வைப்பர் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கெல்லாம் வெயிலில் சாம்பல் பூத்துப்போகும். வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் பெரும்பாலும் அது மெழுகுப் பாலிஷ் காய்ந்தது. சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தாலே பாதி போய்விடும். அதன் பிறகு பிளாஸ்டிக்குக்கான டிரிம் பாலிஷை மெல்லிசாக ஒரு கை போடலாம். கண்ணாடியிலும் வைப்பர் ரப்பரிலும் மட்டும் படக் கூடாது. மழை நாளில் கண்ணாடி முழுக்க மங்கலாக இழுக்கும். பெடல், ஸ்டீயரிங் பக்கம் போகவே போகாதீர்கள். இன்னொன்று, கார் பெயின்டிங்குக்குப் போகிறது என்றால், சிலிகான் போட்டிருப்பதை பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள். துளி மிச்சமிருந்தாலும் புதுப் பெயின்ட்டில் குழி குழியாக விழும்.

ஸ்கூட்டர் கதை இன்னும் முடியவில்லை. அன்று மத்தியானம் அக்கா மகனே உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்து டயரை மூன்று தடவை தேய்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய் போகப் போக, பட்டனுக்கு நடுவில் மெல்லிசாக வெடிப்புகள் தெரிந்தன. பின் டயர் முழுக்க. "மாமா, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டான். டயரின் பக்கவாட்டில், டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் டயரில் 2214. அதாவது, 2014-ன் 22-வது வாரம். அப்போதே அதற்கு ஏழு வயது. அவள் அதிகம் ஓட்டாததால் பட்டன் தேயவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் புத்தம் புதுசு என்று போட்டோ எடுத்து அனுப்பியது அந்த டயரைத்தான்!

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். விற்கிற இடத்தில் டயர் மின்னினால், ஈரத்துணியால் துடைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நான்கு இலக்கம் வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும், குனிந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். கார் டயரில் பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். டயரை மாற்றியாக வேண்டும். ஐந்து வயது தாண்டிய டயரை, பட்டன் நன்றாக இருந்தாலும், வருடம் ஒரு தடவை டயர் கடையில் காட்டிவிடுவது நல்லது.

ஸ்கூட்டருக்கு அந்த வாரமே இரண்டு டயரும் புதிதாகப் போட்டோம். போன ஆயுத பூஜைக்கும் அக்கா மகன் வந்திருந்தான். காரை முடித்துவிட்டு, ஸ்பாஞ்சும் கையுமாக ஸ்கூட்டர் பக்கம் திரும்பினான், என்னைச் சீண்டத்தான். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "அதுக்கு சந்தனமும் குங்குமமும் போதும். நீ கையைக் கழுவிட்டு சுண்டல் சாப்பிட வா!"