சட்டையும் சுவரும் ஒண்ணுதான் பாஸ்!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? ஊருக்குப் போய் பேக்கைத் தூக்கிப் போட்டதும் ரெண்டு விஷயம் நம்ம கண்ணை உறுத்தும். ஒண்ணு, ரூம் சுவர். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டாலே உதிரும். ரெண்டாவது, பீரோ. திறந்தா துணி மொத்தமும் தலையில கொட்டும். ஆனா கல்ச்சுரல்ஸுக்குப் போட உருப்படியா ஒண்ணு சிக்காது!

உடனே ஆரம்பிச்சிடுவோம். "அப்பா... எல்லாரும் வீட்டை என்னமா மாத்திட்டாங்க தெரியுமா? நாமளும் பண்ணலாம்ப்பா." அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, "பார்க்கலாம்டா" என்பார். அந்த 'பார்க்கலாம்'ங்கிற ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு நகைக்கடனோ, பி.எஃப். பணமோ, ஒரு சீட்டுப் பணமோ ஒளிஞ்சிருக்கும். அதனால இந்த வாரம் கொஞ்சம் சீரியஸாவே பேசுவோமா?

ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடக் கூச்சப்படுறவங்க நம்மள்ல நிறையப் பேர் இருக்கோம். "எங்க வீட்ல இப்ப கெஸ்ட் இருக்காங்க மச்சி"ன்னு பொய் சொல்லியே மூணு வருஷத்தை ஓட்டிடுவோம். அதே மாதிரி, திங்கள்கிழமை போட்ட சட்டையையே வியாழக்கிழமையும் போடக் கூச்சம். ரெண்டும் ஒரே கூச்சம்தான். அதை மறைக்க அவசரமா பணத்தைக் கொட்டும்போதுதான் தப்பு நடக்குது. ஈரச் சுவர் மேல பளபளன்னு பெயின்ட் அடிக்கிறோம். ஏற்கெனவே நிரம்பி வழியுற பீரோவுக்குள்ள இன்னும் நாலு சட்டையைத் திணிக்கிறோம். ஆறே மாசத்துல சுவரும் உதிரும், சட்டையும் சலிக்கும். கடன் மட்டும் அப்படியே நிக்கும்!

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கு. வீட்டுக்கும் டிரஸ்ஸுக்கும் ஒரே ரூல்புக்தான்.

முதல்ல காலி பண்ணு!

ஒரு ஞாயித்துக்கிழமை. பீரோவுல இருக்குற மொத்தத் துணியையும் கட்டில் மேல கொட்டுங்க. பயப்படாதீங்க, மலை மாதிரிதான் இருக்கும். அதை நாலு குவியலாப் பிரிங்க. ரெகுலரா போடுறது. சின்ன ரிப்பேர் பண்ணினா போடக்கூடியது. அளவு சேராதது. 'என்னைக்காவது போடுவேன்'னு சத்தியம் பண்ணி வச்சிருக்கிறது. அந்த நாலாவது குவியல்தான் டேஞ்சர். போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவுல ஒரு தடவைகூடப் போடலைன்னா, அது உங்க டிரஸ் இல்ல, உங்க பீரோவுல ஓசியில குடியிருக்கிற வாடகைதாரர்! மரியாதையா யாருக்காவது கொடுத்து அனுப்பிடுங்க.

ரூமுக்கும் இதேதான். ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு முழுக்க நடங்க. எங்கே ஒழுகுது, எங்கே ஸ்விட்ச் ஷாக் அடிக்குது, எந்த ஜன்னல் மூட மாட்டேங்குது... எல்லாத்தையும் எழுதுங்க. கலரைப் பத்தி ஒரு வரிகூட எழுதாதீங்க. அதுக்கு இன்னும் நேரமிருக்கு.

ஒழுகுறதை நிறுத்து!

சுவர்ல பெயின்ட் உப்புதுன்னா பெயின்ட் மேல தப்பு இல்ல. உள்ளே ஓதம் இருக்கு. கண்டுபிடிக்க ஒரு சுலபமான டெஸ்ட். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டு சுவரோட ஒட்டிடுங்க. ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்க. சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் கோத்திருந்தா தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது. ரூமைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தா அது ரூம் காத்துல இருக்கிற ஈரம். ஜன்னலைத் திறந்து வச்சாலே பாதி சரியாகும்.

உள்ளே இருந்து வருதுன்னா திருடனைத் தேடணும். மொட்டை மாடிக்குப் போங்க. தட்டோடுக்கு நடுவுல விரிசல் விட்டிருக்கா? மழைத்தண்ணி போற குழாய்ல சருகு அடைச்சிருக்கா? கைப்பிடிச் சுவர் இடுக்குல ஒரு அரசங்கன்று அழகா வளர்ந்து நிக்குதா? அழகெல்லாம் வேணாம், அதோட வேர் சுவரையே பிளந்துடும்! சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தா குழாய் கசியுதான்னும் பார்க்கணும். இதையெல்லாம் சரி பண்ணி, சுவர் நல்லாக் காஞ்ச பிறகுதான் பட்டி பார்க்கிறது, பிரைமர், பெயின்ட் எல்லாம். ஈரச் சுவர் மேல வால்பேப்பர் ஒட்டினா, பின்னாடி பூஞ்சைக்கு ஏ.சி. ரூம் கட்டிக் கொடுத்த மாதிரி!

வேலையோட வரிசையும் முக்கியம். முதல்ல ஒழுகல். அப்புறம் எலெக்ட்ரீஷியன் வந்து சுவர்ல காடி வெட்டி ஒயர் இழுக்கணும். அடுத்து கொத்தனார் பூச்சு, கார்பென்டர் வேலை. கடைசியாத்தான் பெயின்டர். பெயின்ட் அடிச்சு முடிச்ச மறுநாள், "அய்யோ, லேப்டாப்புக்கு பிளக் பாயின்ட் வைக்கலையே"ன்னு கத்தினா, புதுச் சுவரை மறுபடி வெட்டணும். நம்ம ஊர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. அந்த நேரத்துல சுவர் காயவே காயாது. பொங்கலுக்கு அப்புறம், கோடை முடியுற வரைக்கும் இந்த வேலைக்கு நல்ல நேரம். நம்ம லீவும் அப்பத்தானே வருது!

சரி, டிரஸ்ல 'ஒழுகல்' எது? பட்டன் போன சட்டை, ஜிப் மக்கர் பண்ற ஜீன்ஸ், கீழ் தையல் பிரிஞ்ச சுடிதார். அந்த ரெண்டாவது குவியலைத் தூக்கிக்கிட்டு தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட போங்க. இடுப்பு, நீளம், கை அகலம் எல்லாம் ஆல்ட்டர் பண்ணிடுவார். ஷோல்டர் மட்டும் சேரலைன்னா விட்டுடுங்க, அது பெரிய வேலை. கடையில புதுசு வாங்கும்போதும் முதல்ல ஷோல்டரைப் பாருங்க. அது சரியா உட்கார்ந்தா பாதி ஸ்டைல் வந்தாச்சு.

கையில டேப், மனசுல கணக்கு!

10-க்கு 10 ரூம், 10 அடி உயரம்னு வச்சுக்குவோம். நாலு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழிச்சா 363. நல்லாப் பட்டி பார்த்த சுவர்னா, ரெண்டு கோட்டுக்கு 3லிருந்து 4 லிட்டர் எமல்ஷன் போதும். சீலிங்குக்கு இன்னொரு லிட்டர். இந்தக் கணக்கு நம்ம கையில இருந்தா, யாராவது "20 லிட்டர் பக்கெட் வாங்கிடுங்க சார்"னு சொல்லும்போது, "எதுக்குண்ணே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்கலாம்!

துணிக்கும் இடத்தை அளக்கணும். நம்ம வீடுகள்ல கடப்பா கல் ஷெல்ஃப் பெரும்பாலும் ஒன்றரை அடி ஆழம்தான். சாதாரண ஹேங்கரே 16, 17 அங்குலம் அகலம். வழக்கமா குறுக்கே கம்பி போட்டு சட்டையை மாட்டினா கதவு இடிக்கும். அதுக்காக ஆயிரக்கணக்குல செலவு பண்ணிப் புது வார்ட்ரோப் செய்யணும்னு இல்ல. கம்பியை முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா, வெளியே இழுக்கிற மாதிரி போடச் சொல்லுங்க. சட்டை நம்மைப் பார்த்து நிக்கும், கதவும் மூடும். புதுசா செய்யறதா இருந்தா மட்டும் 2 அடி ஆழம் கேளுங்க.

பீரோவை வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க. 2, 3 அங்குலம் இடைவெளி விடுங்க, காத்து போகட்டும். மழைக்காலத்துல துணி ஏன் முக்கு நாத்தம் அடிக்குதுன்னு அப்பப் புரியும். அரைகுறையாக் காஞ்சதையும், கஞ்சி போட்ட காட்டனையும் மாசக்கணக்குல உள்ளே அடைக்காதீங்க. கஞ்சின்னா பூச்சிக்கு பிரியாணி! அந்துருண்டையைத் துணி மேல படாம ஒரு சின்னத் துணிப்பையில கட்டிப் போடுங்க.

வாடகை வீடா? சுவர்ல ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை. ஒழுகலைச் சரி பண்றது அவர் பொறுப்புன்னா, அதை போட்டோ எடுத்து முதல்லயே அனுப்பிடுங்க. ஹாஸ்டலா? கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி, கதவுக்குப் பின்னாடி நாலு கொக்கி. முடிஞ்சது ரெனவேஷன்!

ஜோடி சேருமா?

1985-ல நியூயார்க் டிசைனர் டோனா கரன் தன்னோட பேர்ல முதல் கலெக்‌ஷனை வெளியிட்டப்ப, 'ஏழே உடுப்பு'ங்கிற ஐடியாவை வச்சார். ஒண்ணோட ஒண்ணு மாத்தி மாத்திப் போட்டா வேலைக்குப் போற பெண்ணுக்கு வாரம் முழுக்க ஓடணும். அவ்வளவுதான் மேட்டர்.

நம்ம கணக்குக்கு வாங்க. 5 டாப்ஸ், 3 பேன்ட். எல்லாமே எல்லாத்தோடயும் சேர்ந்தா 15 காம்பினேஷன். புதுசா ஒரு டாப்ஸ் வாங்குறீங்க. அது மூணு பேன்ட்டோடயும் சேர்ந்தா 18. ஒரே ஒரு பேன்ட்டோட மட்டும் சேர்ந்தா 16. விலை ஒண்ணு, லாபம் மூணு மடங்கு வித்தியாசம்! அதனால பில் போடுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: "வீட்ல இருக்கிற எதோட எல்லாம் இது சேரும்?" பதில் ஒண்ணுக்கு மேல வரலைன்னா, ஆடித் தள்ளுபடியா இருந்தாலும் டாட்டா!

இன்னொரு கணக்கு. 1,800 ரூபாய் ஜீன்ஸை 180 நாள் போட்டா ஒரு நாளைக்கு 10 ரூபாய். 3,000 ரூபாய் பார்ட்டி டிரஸ்ஸை ரெண்டு தடவை போட்டா, ஒரு தடவைக்கு 1,500. எது காஸ்ட்லி?

திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போனா எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் குவிஞ்சு கிடக்கும். அள்றதுக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. பக்கவாட்டுத் தையல் நேரா இறங்கணும். முன்பக்கமா முறுக்கிக்கிட்டு வந்தா, துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். 180 ஜி.எஸ்.எம். துணின்னு கேட்டு வாங்கினா கனமா இருக்கும், சீக்கிரம் தொளதொளக்காது.

வாசல் வெளிச்சத்துல பாரு!

ஜவுளிக்கடையில அம்மா என்ன பண்ணுவாங்க? புடவையைத் தூக்கிக்கிட்டு நேரா வாசலுக்கு வந்துடுவாங்க. "அம்மா, மானத்தை வாங்காதம்மா"ன்னு நாம நெளிவோம். ஆனா அம்மா செய்யறதுதான் சயின்ஸ். கடை லைட்ல ஒரு கலர், வெயில்ல வேற கலர். பெயின்ட்டும் அப்படித்தான். ஷேட் கார்டுல இருக்கிற சின்னக் கட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி சுவர்ல 2-க்கு 2 அடி அடிச்சுப் பாருங்க. காலையில, மத்தியானம், ராத்திரி லைட் போட்டுன்னு மூணு வேளையும் பார்த்துட்டு ஓகே சொல்லுங்க. கார்டுல சாதுவா இருந்த ஊதா, நாலு சுவர்லயும் ஏறினா பயமுறுத்தும்!

இப்போ அந்த 'பார்க்கலாம்' மேட்டர்...

நோட்டைத் தூக்கிக்கிட்டு அப்பா பக்கத்துல உட்காருங்க. "எவ்வளவுப்பா முடியும்?"னு நேரடியாக் கேளுங்க. அவர் சொல்ற தொகையில 100-க்கு 10 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. சுவரை இடிச்சா உள்ளே என்ன இருக்கும்னு மேஸ்திரிக்கே தெரியாது, அதுக்காக! மீதியை மூணு பத்தியா எழுதுங்க: இப்பவே, அடுத்த வருஷம், ஆசை. ஒழுகலும் ஒயரிங்கும் முதல் பத்தி. உங்க ரூம் ஊதாக் கலர் மூணாவது பத்தி. நீங்களே அங்கே எழுதுங்க, அப்பாவை எழுத வைக்காதீங்க. கூலி மட்டுமா, மெட்டீரியலோட சேர்த்தான்னு மேஸ்திரிகிட்ட எழுதி வாங்குங்க. பணத்தையும் வேலை நடக்க நடக்கப் பிரிச்சுக் கொடுங்க.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. பீரோவைக் காலி பண்றப்ப ஒண்ணு கவனிங்க. அந்த பீரோவுல நமக்கு எத்தனை தட்டு? அம்மாவுக்கு எத்தனை? பல வீடுகள்ல நமக்கு மூணு, அம்மாவுக்கு அரை. பாதிப் புடவை பரண் மேல டிரங்குப் பெட்டியில. 'நம்ம வீட்டை மாத்தணும்'னு பிளான் போடுறப்ப, அம்மாவோட கிச்சன் அந்த நோட்டுல எத்தனாவது வரியில வந்திருக்குன்னும் பாருங்க. வந்திருக்கா முதல்ல?

நாலாவது குவியல் போனதும் ஒரு தட்டு காலியாகும் இல்ல? அதை அம்மாவுக்குக் கொடுங்க. பைசா செலவில்லாத ரெனவேஷன் அதுதான்.

அப்புறம் ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடுங்க. பெயின்ட் இன்னும் அடிக்கலையா? பரவாயில்ல. அவங்க வீட்லயும் ஒரு சுவர் உதிர்ந்துக்கிட்டுத்தான் இருக்கும்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா... பை பை!