வேப்பங்கொட்டையும் நம் கடமையும்

உழவுத் தொழிலில் வரும்படி ஏறாமல் செலவு மாத்திரம் ஆண்டுதோறும் ஏறிவருவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கைக்கு அடங்காதவை சில, அடங்குபவை சில. மழை பொய்ப்பதும், கூலி உயர்வதும், சந்தை விலை வீழ்வதும் முதல் வகையைச் சேர்ந்தவை. மரத்தடியில் காலால் மிதிபட்டுக் கிடக்கும் ஒரு பொருளை விட்டுவிட்டு, அதன் சத்தையே புட்டியில் அடைத்த மருந்தாகக் கடையில் விலைகொடுத்து வாங்குவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதனைக் குறித்தே குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

திருமுருகன்பூண்டியிலும் அதனைச் சூழ்ந்த அவிநாசிப் பகுதியிலும் வேப்பமரம் இல்லாத வேலியோ, சாலையோ, குளக்கரையோ இல்லை எனலாம். ஆனி, ஆடி மாதங்களில் பழம் பழுத்து உதிர்கிறது. அவற்றில் ஒரு பங்கை வியாபாரிகள் பொறுக்கி எடுத்துச் செல்கின்றனர். பெரும் பங்கு மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகிறது. புரட்டாசியில் அதே தோட்டக்காரர் மக்காச்சோளத்துக்கும் காய்கறிக்கும் மருந்து வாங்கக் கடைவாசலில் நிற்கிறார். இக்காட்சி ஆண்டுதோறும் நடந்துவரினும், இதனை விந்தை என்று எண்ணுவார் இலர்.

வேம்பின் குணத்தை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். தானியக் குதிரில் வேப்பிலையை இடுவதும், நெல்லுக்கு வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் புதிய வழக்கங்கள் அல்ல. இக்காலத்து விஞ்ஞானிகள் அதற்குரிய காரணத்தைக் கண்டனர். 1942-ஆம் ஆண்டில் சலிமுஸ்ஸமான் சித்திகி என்னும் ரசாயன நிபுணர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் பச்சை யாவற்றையும் தின்று தீர்த்தும் வேப்பமரத்தை மட்டும் தொடாது சென்றதை ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியர் கண்டு எழுதினார். 1962-இல் வெட்டுக்கிளி வந்தபோது தில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பம் பருப்புக் கரைசலைத் தெளித்துப் பயிரைக் காத்தனர். 1968-இல் இங்கிலாந்தில் அஸாடிராக்டின் என்னும் பொருள் தனியே பிரிக்கப்பட்டது. இப்பொருள் புழுவை உடனே கொல்வதன்று. அது தின்னும் ஆசையைக் கெடுத்து, தோலுரித்து வளரும் முறையைக் குலைத்து, நாளடைவில் அதனை ஒழிக்கிறது.

பிறர் இதன் மதிப்பை எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. வேப்பெண்ணெய்ச் சத்தைக் கொண்டு பயிரில் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க விவசாய இலாகாவுக்குமாக உரிமை வழங்கிற்று. இம்முறை இந்தியாவில் நெடுநாளாக வழங்கிவருவதே என்று ஆட்சேபணை எழுந்தது. 2000-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005 மார்ச்சு 8-ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. உரிமை நம்முடையதே என்று உலகம் ஒப்புக்கொண்டது. எனினும், கொட்டையை நாம் பொறுக்காவிடில் அவ்வுரிமையால் விளையும் பயன் யாது?

கழிவென்று தள்ளிய பொருளில் செல்வம் உண்டென்பதைத் திருப்பூர்ச் சாயத் தொழிலே நமக்குக் காட்டியிருக்கிறது. சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பாங்கான நிலங்களைப் பாழ்படுத்தியதை யாவரும் அறிவர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின்னர் கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து, நீரையும் சோடியம் சல்பேட் உப்பையும் மீட்டு, திரும்பவும் சாயத் தொட்டிக்கே பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றிற்று. நேற்றுவரை ஆற்றைக் கெடுத்த உப்பு இன்று விலையுள்ள சரக்காயிற்று. தொழிலதிபர்கள் இப்பாடத்தைப் பெரும் நஷ்டத்துக்குப் பின்னரே கற்றனர். குடியானவர்கள் நஷ்டமின்றியே கற்கலாம்.

மேலும், இதைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று இப்போது நேர்ந்திருக்கிறது. நெடுநாள் கோரிக்கையாயிருந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பவானியாற்றின் உபரிநீர் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களிலுள்ள 1,045 குளங் குட்டைகளை நிரப்புவதற்கு ஏற்பாடாகியுள்ளது. குளம் நிரம்பினால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் வெள்ளாமை பெருகும். வெள்ளாமை பெருகினால் மருந்தடிப்பும் பெருகும். வயலில் அளவின்றித் தெளித்த கடுவிஷம் மழைநீரோடு சேருமிடம் அதே குளமே. இத்தனை காலம் காத்திருந்து பெற்ற தண்ணீரை நாமே கெடுத்துக்கொள்ளுதல் தகுமா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களும் உள்ளன. அவற்றைப் புறக்கணித்தல் முறையன்று.

வீட்டில் தயாரிக்கும் மருந்து ஒருமுறை வேலை செய்கிறது, மறுமுறை செய்வதில்லை என்பது முதலாவது நியாயம். இது பெரும்பாலும் உண்மையே. நம் நாட்டு அவுரி நீலத்துக்கு நேர்ந்த கதியை இங்கே நினைவுகூர்தல் தகும். 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரிச் சாகுபடி வெகு விரைவில் நசித்தது. விலைக் குறைவு மாத்திரம் அதற்குக் காரணம் அன்று. ஆலை நீலம் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே தரமாயிருந்தது, நம் நீலமோ பெட்டிக்குப் பெட்டி மாறிற்று. ஆகவே, இயற்கைச் சரக்குக்கு முதல் விரோதி அளவின்மையே. அளவோடு செய்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் கைவிடாது. அதன் முறை பின்வருமாறு:

பழுத்து உதிர்ந்த பழங்களை அன்றாடம் சேகரித்து, சதையைக் கழுவி நீக்கி, கொட்டைகளை நிழலில் காற்றோட்டமாய் உலர்த்தவேண்டும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்துச் சத்து கெடும். பிளாஸ்டிக் பைகளில் கட்டாது சணல் சாக்கில் வைக்கவேண்டும். எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட கொட்டையை உபயோகிக்கலாகாது. ஓட்டை நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்துப் பொடியாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைக்கவேண்டும். காலையில் மரக்கோலால் கலக்கினால் கரைசல் பால்போல் வெளுக்கும். அதனை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்புத் தூளைக் குழைத்துக் கலந்தால் ஐந்து சதவிகிதக் கரைசல் ஆயிற்று. வடிகட்டும் துணிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சாயமேறாத பனியன் வெட்டுத் துணியே போதும்.

கரைசலை அன்றன்றே தெளித்துவிடவேண்டும். வெயிலிலும் காரத்தன்மையுள்ள நீரிலும் இதன் சத்து விரைவில் சிதைவதால், பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் தெளிப்பதும், ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை விடுத்து மழைநீரோ நல்ல நீரோ கொள்வதும் சிலாக்கியம். கைத்தெளிப்பானால் ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தேவையெனில் பருப்பு 10 கிலோ வேண்டும். கொட்டையாக 20 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். வேலியில் முதிர்ந்த மரங்கள் நாலைந்து உள்ளவர்க்கு இது அரிதன்று.

எல்லாப் பூச்சிக்கும் இது ஒன்றே போதும் என்று கூறுவது இரண்டாவது பிழை; இது வேம்பின் எதிரிகளிடமன்றி, நண்பர்களிடம் காணப்படுவது. 2018-இல் நம் நாட்டில் புகுந்த மக்காச்சோளப் படைப்புழுவை முட்டையிலும் இளம்புழுப் பருவத்திலும் இக்கரைசல் அடக்கும். குருத்துக்குள் புகுந்து கொழுத்த புழுவை அடக்காது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் தோன்றிய தொடக்கத்தில் பயன் தரும். வயல் முழுதும் பரவியபின் தராது. ஆகவே, வாரமொருமுறை பயிரை உற்றுப் பார்ப்பவருக்கே இம்மருந்து உதவும். கைவசம் கொட்டை இல்லாதவர், அஸாடிராக்டின் அளவு சீட்டில் குறிக்கப்பட்ட வேப்ப மருந்தை வாங்குவதில் குற்றமில்லை. நிலைமை மிஞ்சியவிடத்து விவசாய அலுவலரைக் கேட்டு ஏற்ற ரசாயன மருந்தை அளவோடு தெளிப்பதிலும் குற்றமில்லை.

இயற்கையில் விளைந்தது யாவும் தீங்கற்றது என்னும் எண்ணத்தையும் விட்டொழிக்கவேண்டும். புகையிலையும் நம் மண்ணில் விளைவதுதான். அதன் கஷாயத்திலுள்ள நிக்கோட்டின் தோல்வழியே உடம்பில் ஏறி மனிதனை மயக்கமுறச் செய்யும் கொடிய விஷம். எதைத் தெளித்தாலும் முகத்தையும் கையையும் மூடிக்கொள்வதும், காற்றை எதிர்த்துத் தெளியாதிருப்பதும், பாத்திரத்தைக் குளத்தில் கழுவாதிருப்பதும் கட்டாயம். வீட்டில் செய்த மருந்தைத் தன் வயலுக்கு உபயோகிக்கலாமேயன்றி, பிறருக்கு மருந்தென்று விற்கத் துணியலாகாது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி அதற்குப் பதிவும் உரிமமும் வேண்டும்.

மூன்றாவது நியாயமே வலுவுள்ளது. பனியன் கம்பெனிகள் கொடுக்கும் கூலிக்கு முன் வேப்பங்கொட்டை பொறுக்க ஆள் எங்கே கிடைப்பர் என்று கேட்கின்றனர். ஒருவர் தனித்து ஆள்வைத்துப் பொறுக்கினால் கட்டுபடியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பழம் உதிரும் முன்னர் மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக்கி, பழைய படுதாவோ வலையோ விரித்துவிட்டால் பொறுக்கும் வேலை பாதியாகும். ஆலைக்குப் போக இயலாத முதிய பெண்மணிகள் காலை வேளையில் செய்யக்கூடிய வேலை இது. அவர்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று நியாயமான விலையைக் கையோடு கொடுத்தல் வேண்டும். ஓடு நீக்கி அரைக்கும் வேலைதான் கடினம். அதற்கு ஊருக்கு ஓர் இயந்திரம் பொதுவில் இருந்தால் போதும். ஒருவர் செய்தால் நஷ்டமாகும் காரியம், ஊர் கூடிச் செய்தால் லாபமாகும்.

இங்கேதான் கிராம அதிகாரிகளின் கடமை வருகிறது. புறம்போக்கு நிலத்திலும் குளக்கரையிலும் நிற்கும் மரங்களின் கணக்கு அவர்களிடம் உள்ளது. மகசூலை ஏலம் விடும் ஊர்களில், வேப்பங்கொட்டையை வெளியூர் வியாபாரிக்கு விடுமுன் உள்ளூர்க் குடியானவர் குழுவுக்கு முதல் வாய்ப்பு அளிக்கும்படி மேலதிகாரிகளுக்கு எழுதுவது அவர்களால் ஆகக்கூடியதே. ஏலத்தில் வரும் சொற்பத் தொகையினும், ஊரார் மருந்துக் கடையில் மிச்சம் பிடிக்கும் தொகை பெரிது. சாலை விரிவுக்கும் கட்டடத்துக்கும் மரம் வெட்ட நேருமிடத்து, ஒன்றுக்குப் பல கன்றுகள் நடப்பட்டு உயிரோடு நிற்கின்றனவா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே.

நிலமுடையோர் பொறுப்பும் உண்டு. நிழல் விழுகிறதென்று வரப்போரத்து வேம்பை வெட்டி விறகாக்குவோர், அம்மரம் ஆண்டுதோறும் தரும் கொட்டையையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். பிழிந்த பிண்ணாக்கு மண்ணுக்கு எருவாகி, யூரியாவின் தழைச்சத்து வீணாவதையும் தடுக்கிறது. இந்திய சர்க்கார் 2015-இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது இக்குணத்தை அறிந்தே.

திருமுருகன்பூண்டி கல் தச்சர்களுக்குப் பேர்போன ஊர். ஊரார் வெறும் பாறையென்று கடந்துபோவதில் அவர்கள் அளவு குறித்து உளி பிடித்து உருவங் காண்கின்றனர். கல்லுக்குச் செய்வதை நாம் கொட்டைக்குச் செய்தால் போதும். வரும் ஆனி பிறக்குமுன் ஒவ்வொரு கிராமத்திலும் பத்துக் குடியானவர்களாவது ஒன்றுகூடி, தம் ஊரில் வேம்பு எத்தனை, அரவை இயந்திரம் எங்கே வைப்பது, கொட்டைக்கு என்ன விலை கொடுப்பது என்னும் மூன்றையும் தீர்மானித்துக்கொள்வார்களாயின், அதுவே அவ்வாண்டின் நல்ல முதலீடாகும் என்பது என் அபிப்பிராயம்.