யப்பானிய வினையும் மலையக மாணவரும்

1919ஆம் ஆண்டு பிறந்து 2008ஆம் ஆண்டு மறைந்த யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என நிறுவ முயன்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அம்முயற்சியில் அவருடன் உழைத்தனர். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. அவ்வழக்கு இங்கு நமக்கு வேண்டுவதன்று. உறவு இருப்பினும் இல்லாதொழியினும், இரு மொழிகளின் வாக்கிய அமைப்பு நெருங்கி நிற்பது கண்கூடு. அந்நெருக்கத்தை ராகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே எமது முறைப்பாடு.

2019 ஜூனில் தொழிலாளரை அனுப்புவது பற்றி இலங்கையும் யப்பானும் உடன்பாடு செய்துகொண்ட பின்னர், யப்பானிய மொழி மலையக இளைஞர்க்குப் பிழைப்பின் வாயிலாயிற்று. ராகலையின் வகுப்பொன்றில் யாம் கண்டது இது: முதல் நாள் தொட்டு வினைகள் யாவும் ‘மஸ்’ என்னும் மரியாதை விகுதியோடு மனனம் செய்விக்கப்படுகின்றன. நொமிமஸ் (குடிக்கிறேன்), யொமிமஸ் (படிக்கிறேன்), ட்சுமிமஸ் (கொழுந்து பறிக்கிறேன்) எனப் பட்டியல் நீள்கிறது. மாதங்கள் கழிந்தபின், ‘இனி இவற்றை அகராதி வடிவாக்குக’ என ஆணை பிறக்கிறது. ‘மி’ நீங்கி ‘மு’ வருமாம்: நொமு, யொமு, ட்சுமு. ‘தபெமஸ்’ என்பது மட்டும் ‘தபெரு’ ஆகுமாம். ஏனென்று கேட்ட மாணவிக்கு, ‘அது அப்படித்தான், பாடமாக்கு’ என்பதே விடையாயிற்று. உலகெங்கும் வழங்கும் ‘மின்னா நோ நிஹொங்கோ’ என்னும் பாடநூலும் அகராதி வடிவத்தைப் பதினெட்டாம் பாடம் வரை தள்ளியே வைத்துள்ளது.

இம்முறை தலைகீழானது என்போம். வினையடியை அறிந்தவர் மரியாதை விகுதி சேர்ப்பது எளிது. விகுதியை மட்டும் அறிந்தவர் அடியைத் தேடுவது சில இடங்களில் இயலாத காரியம். ‘கரிமஸ்’ என்பதனை எடுத்துக்கொள்வோம். புல்லை அறுத்தல் ‘கரு’. கடன் வாங்குதல் ‘கரிரு’. இரண்டுக்கும் ‘கரிமஸ்’ என்பதே மரியாதை வடிவு. ‘கிமஸ்’ என்பதோ வருதலையும் குறிக்கும், உடுத்தலையும் குறிக்கும். முன்னதன் அடி ‘குரு’, பின்னதன் அடி ‘கிரு’. இவ்வேற்றுமையை ‘மஸ்’ விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டதை விதி கொண்டு மீட்க முடியாது.

அகராதி வடிவிலும் மயக்கமுண்டே என ஒருவர் வாதிடலாம். உண்மை. ‘கிரு’ என்பது உடுத்தலாயின் ‘கிமஸ்’ எனவும், வெட்டுதலாயின் ‘கிரிமஸ்’ எனவும் வரும். ஆகவே அடியோடு வகையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இது தமிழர்க்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி ‘அடை-தல்’, ‘அடை-த்தல்’ என இரண்டாகப் பிரித்தே பதிந்துள்ளது; அடைந்தான், அடைத்தான் என்னும் வேறுபாடு அப்பதிவிலேயே விளங்கும். நட, வா எனத் தொடங்கி இருபத்துமூன்று ஏவற் பகுதிகளை வாய்பாடாக வைத்த பவணந்தியாரும் வெற்றடியிலிருந்தே தொடங்கினார். ‘வாருங்கள்’ என்பதனை முதலில் தந்து, ‘வா’வைப் பின்னர் உருவிக் காட்டவில்லை.

இனி, மரியாதை விகுதி யப்பானிய மொழியில் பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றிலேயே நிற்கும். இடையே எச்சமாய் வருவனவெல்லாம் வெற்று வடிவங்களே. ‘சாப்பிடும் முன்’ என்பது ‘தபெரு மஎ நி’. ‘வந்த மனிதர்’ என்பது ‘கித ஹிதோ’. ‘வந்தார்கள் மனிதர்’ என நாம் ஒட்டிச் சொல்வதில்லை, அவர்களும் அவ்வாறே. ‘தபெதெ மிரு’ என்பது சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘கைதெ ஒக்கு’ என்பது ‘எழுதி வை’. ‘பார்’, ‘வை’ என்னும் நம் துணைவினைகளின் தொழிலையே ‘மிரு’, ‘ஒக்கு’ என்பனவும் அங்குச் செய்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இதனை ஒரு பிற்பகலில் விளக்கிவிடலாம். ஆங்கில வாய்பாட்டைச் சுற்றிவந்து விளக்கப் புகின், ஒரு பருவம் போதாது.

புதிதாய் வந்தவன் வெற்று வடிவில் பேசின் மரியாதைக் குறைவாகாதோ என ஆசிரியர் அஞ்சுவர். பேசுவது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. தொழிற்சாலையில் இயந்திரத்தருகே கை நீட்டுபவனை நோக்கி மேற்பார்வையாளன் கூவுவது ‘ஸவருனா!’ என்பதாகும். தொடாதே என்பது பொருள். ‘ஸவரு’ என்னும் அகராதி வடிவோடு ‘னா’ சேர்ந்த சொல் அது. ‘ஸவரிமஸ்’ மட்டுமே பாடமாக்கியவன் அவ்வொரு கணத்தில் மனத்துள் பட்டியலைப் புரட்டிக்கொண்டு நிற்பான். விரல் போனபின் விதி நினைவுக்கு வந்தென்ன?

இங்கே ஒரு பழைய கதையை நினையாதிருக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கெனக் கொழும்பில் வெளிவந்த தமிழ்க் கைந்நூலுக்கு ‘இங்கே வா’ என்பதே பெயர். நம் முன்னோரிடம் பேச, துரைக்கு ஏவல் போதுமென்று கருதினர். ‘வாருங்கள்’ அவருக்குத் தேவைப்படவில்லை. இன்று அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்குப் பணிவு மட்டுமே கற்பிக்கப்படுகின்றது. ஏவலைச் செவிமடுக்கவும், அதற்கு மறுமொழி கூறவும், தம்முள் சமமாய் உரையாடவும் வேண்டிய மறுபாதி பின்னொரு பாடத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. பாடநூலார் இதனைத் திட்டமிட்டுச் செய்தனர் என யாம் கூறவில்லை. கூடத்து நாகரிகம் கற்கும் விருந்தினரை மனத்திற்கொண்டு எழுதினர் போலும். ராகலையிலிருந்து செல்வோர் விருந்தினரல்லர்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளை நோக்கி ஒரு வேண்டுகோள். ஓனோவின் கொள்கை பற்றிப் பட்டிமன்றம் நடத்திய ஆர்வத்தில் பத்திலொரு பங்கு போதும். ஐந்நூறு வினைகளுக்கு அடி, வகை, மஸ் வடிவு, தமிழ்ப் பொருள் என நான்கு நிரல்களில் ஒரு சிறு கையேட்டை ஒரு விடுமுறைக்குள் தொகுத்துவிடலாம். அச்சிட்டதும் முதற் கட்டு நுவரெலியா வழியே ராகலை பஸ்ஸில் ஏறட்டும்.