இடம் இருந்த படகும் இடம் இல்லாத படகும்



தோட்டத்து லாரியில் ஏறித் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். லாரி நிறைந்துவிட்டது என்று நினைப்போம். பிறகு ஒரு பாட்டி வருவார். அவருக்கு இடம் கிடைக்கும். கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடி வருவாள், அவளுக்கும் கிடைக்கும். இந்த வாரம் அப்படி நிறைந்த ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் கதையை வேறொரு கப்பலிலிருந்து தொடங்க வேண்டும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர் சார்லஸ் லைட்டோலர். உயிர்காக்கும் படகுகளில் ஆட்களை ஏற்றும் வேலை அவருக்கு. பெண்களையும் குழந்தைகளையும் மட்டுமே ஏற்றுவேன் என்று கண்டிப்பாக நின்றார். முழுப் பாரத்தோடு இறக்கினால் தாங்காது என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அதனால் 65 பேர் ஏறக்கூடிய படகுகளில் சில, பாதிகூட நிறையாமல் கடலில் இறங்கின. அன்றிரவு ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள். லைட்டோலரும் கடலில் விழுந்தார். கவிழ்ந்த படகு ஒன்றின் முதுகில் விடியும்வரை நின்று உயிர் பிழைத்தார்.

28 ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் உலகப் போர். 1940 மே மாதக் கடைசியில், ஜெர்மானியப் படைகள் நெருக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படையினர் பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் மணலருகே வர முடியாது. ஆகவே மீன்பிடிப் படகுகள், உல்லாசப் படகுகள் என்று இங்கிலாந்தில் கிடைத்த சிறு படகுகளையெல்லாம் திரட்டினார்கள். மே 26 முதல் ஜூன் 4 வரை மீட்கப்பட்டவர்கள் 338,226 பேர். பெரும்பாலோரைக் கொண்டு வந்தவை கப்பல்கள்தாம். ஆனால், மணலில் நின்றவர்களைக் கப்பல்வரை சேர்க்கச் சிறு படகுகள் வேண்டியிருந்தன.

லைட்டோலருக்கு அப்போது 66 வயது. கடல் வேலையை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. 'சன்டவுனர்' என்ற 58 அடி நீளப் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். கடற்படை அதைக் கேட்டது. படகு போனால் அதை ஓட்டிக்கொண்டு நான்தான் போவேன் என்றார் கிழவர். ஜூன் 1ஆம் நாள் ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். துணைக்கு மூத்த மகன் ரோஜரும் 18 வயதுச் சாரணர் ஒருவரும்.

வழியில் தீப்பிடித்து எரிந்த ஒரு படகின் ஆட்களை ஏற்றிக்கொண்டார். டன்கர்க்கில் ஒரு போர்க்கப்பலோடு ஒட்டி நின்று படையினரை ஏற்றினார். அந்தப் படகில் அதுவரை 21 பேருக்கு மேல் ஏறியதே இல்லை. கீழ்த்தளத்தில் ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் ரோஜர் ஆட்களை நிறைத்தார். மேல்தளத்தில் ஏறியவர்களைப் படகு கவிழாதபடி படுக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது மொத்தம் ஏறத்தாழ 130 பேர்!

தலைக்கு மேல் எதிரி விமானங்கள் சுட்டன. லைட்டோலரின் கடைசி மகன் விமானி. போர் தொடங்கிய மறுநாளே குண்டுவீச்சுக்குப் போய் இறந்தவர். விமானம் எப்படிப் பாய்ந்து தாக்கும், அதற்கு எப்படி விலக வேண்டும் என்று அவர் முன்பு வீட்டில் பேச்சுவாக்கில் தந்தைக்குச் சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்து, விமானம் நெருங்கும் வரை பொறுத்திருந்து, கடைசி நொடியில் படகைத் திருப்பினார் தந்தை. ஒருவருக்கும் காயமில்லை. இறந்த மகன் சொல்லிக்கொடுத்ததால்தான் தப்பினோம் என்று பின்னர் அவரே எழுதினார். ராம்ஸ்கேட்டில் படகிலிருந்து ஆட்கள் இறங்க இறங்க, இத்தனை பேரையும் எங்கே வைத்திருந்தார் என்று துறைமுகத்தில் இருந்தவர்கள் திகைத்தார்கள்.

1912இல் காலியாக இறங்கிய இடங்கள் அன்று அவர் மனத்தில் வந்தனவா? வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் கெட்டவர் அல்லர். அன்று விதியைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார். 1940இல் ஆளைப் பார்த்தார்.

இதை எழுதும் எனக்கும் ஒரு குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், எங்கள் தோட்ட முச்சந்தியில் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். என் காரில் நான் ஒருவன்தான். பள்ளிக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நிறுத்தாமல் போய்விட்டேன். அன்று பஸ் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார் என்று மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும், காரின் பின் இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழை நினைவுக்கு வருகிறது.

நம்மிடம் கப்பல் இல்லை, வாசகர்களே. சைக்கிளோ, மோட்டார் சைக்கிளோ, பழைய காரோ இருக்கிறது. அடுத்த முறை முச்சந்தியில் யாராவது நின்றால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இடம் உண்டாகும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.